கண்டினியூட்டி கருப்பாத்தாள்

அந்தப் படத்தில் என் முழங்கை மட்டும்தான் வருகிறது. இடது முழங்கை. அதுவும் கண்ணை ஒருதரம் சிமிட்டினால் போயிற்று.

கிணற்று மேடையில் ஏறி, கருப்பாத்தாளின் குடத்தை நான் எட்டி உதைக்க வேண்டும். டைரக்டரே தன் வாயால் சொன்ன வேலை. "கெணத்தைத் தொடறதுக்கு நீ யாருடி?" என்று ஒரு வசனமும் கொடுத்திருந்தார். அதை எருமையிடம் சொல்லிப் பார்த்தேன், ஆயில் என்ஜினிடம் சொல்லிப் பார்த்தேன். மீசைக்கு விளக்கெண்ணெய் தடவி முறுக்கி வைத்தேன். என் கல்யாணத்துக்குக்கூட நான் அவ்வளவு சிங்காரித்துக்கொண்டதில்லை. கடைசியில் ஃபிலிம் தீர்ந்துபோயிற்று என்று கையை விரித்துவிட்டார்கள். அது தானாகத் தீரவில்லை. கருப்பாத்தாள் தீர்த்தாள். இத்தனை வருசமாகியும் எனக்கு அந்த ஆத்திரம் அடங்கவில்லை. அவளைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்று உட்கார்ந்தால் முதலில் முழங்கைதான் வந்து நிற்கிறது. நிற்கட்டும்.

என் பேர் நஞ்சப்பன். மலையாள எல்லைக்குள், நல்லேப்பிள்ளிக்குக் கிழக்கே, பொங்கியண்ணக் கவுண்டர் தோட்டத்தில் என்ஜின் ஓட்டிக்கொண்டிருந்தேன். அவர் எனக்குத் தூரத்துப் பங்காளி. நாலாம் வகுப்புக்கு மேல் எனக்குப் படிப்பு ஏறவில்லை, என்ஜின் ஏறியது. அதுபோக எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. காலனிக்குத் தண்ணீர் ஊற்றுவது. காலனிக்காரர்கள் கிணற்று மேடையில் கால் வைக்கக் கூடாது. கல்தொட்டிக்கு அந்தப் பக்கம் குடத்தை வைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். நான் மேலே நின்று இறைத்து ஊற்றுவேன். எனக்கு எப்போது தோதுப்படுகிறதோ அப்போது ஊற்றுவேன். அந்தக் காலத்தில் அதை யாரும் வழக்கம் என்றுகூடச் சொன்னதில்லை. பொழுது விடிகிற மாதிரி அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

வரிசையில் நிற்கிறவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள். கருப்பாத்தாள் மட்டும் நிற்கமாட்டாள்.

"ஏனுங்க சின்ன எசமாங்க, பீடி நல்லாப் பத்துதுங்களா? இல்லீன்னா சொல்லுங்க, நானு இங்கிருந்தே ஊதியுடறேன்."

சின்ன எசமாங்க என்று அவள் சொல்லும்போது அதில் மரியாதை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. திட்டவும் முடியாது, சிரிக்கவும் முடியாது. வாளியைக் கிணற்றில் போடுவதுதான் ஒரே வழி.

கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கம் பிறந்தவள். செக்போஸ்டைத் தாண்டி இங்கே வாழ வந்தாள். புருசன் கரும்பு வெட்டப் போன ஊரில் இன்னொருத்தியோடு தங்கிவிட்டான். யாராவது அதைக் கேட்டு உச்சுக் கொட்டினால், "கரும்புக் காடு, இனிச்சிருக்கும், இருந்துக்கிட்டான்" என்று சொல்லிவிட்டு அவளே முதலில் சிரிப்பாள். கடலைக்காட்டில் அவள் சிரித்தால் ரோட்டில் போகிற பஸ்ஸில் தலைகள் திரும்பும். ராமுத்தாய் என்று ஒரே மகள். களை எடுப்பாள், கடலை பறிப்பாள், கூலிக்கு அரிவாள் பிடிப்பாள். பொழுதில் பாதி தண்ணீருக்கே போய்விடும். ஒன்று என் எதிரில் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டிச் சிரட்டையால் மொள்ள வேண்டும்.

எழுபத்து நாலோ அஞ்சோ, மழை சுத்தமாகப் பொய்த்த வருசம். காலனிக் கிணற்றில் தவளைகூட இல்லை. ஆற்று மணலில் ஊற்றும் செத்துப்போயிற்று. எங்கள் கிணற்றிலேயே என்ஜின் காற்றைத்தான் குடித்தது. கயிறு கட்டி இறைத்தால் மட்டும் தண்ணீர் வரும். அப்போதுதான் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

டைரக்டருக்குத் தாடி, ஜிப்பா, பாதி மலையாளம், பாதி தமிழ். ஜாதியையும் தண்ணீர்ப் பஞ்சத்தையும் வைத்துப் படம் எடுக்கிறோம், உங்கள் கிணறு வேண்டும் என்றார். கவுண்டர் கதையைக் கேட்கவே இல்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"என்ற மொகம் வருமுங்களா?"

"திரை முழுக்க வரும். வேற ஒண்ணும் இருக்காது. உங்க முகம் மட்டும்."

அவ்வளவுதான், கிணறு சினிமாக்காரர்களுக்கு எழுதி வைத்த மாதிரி ஆகிவிட்டது. கதை என்னவென்று பிறகு அசிஸ்டண்ட் குருசாமி சொன்னான். காலனிப் பெண் ஒருத்தி முதல்முதலாகக் கவுண்டர் கிணற்றில் ஏறித் தண்ணீர் இறைக்கிறாள். கவுண்டர் வீட்டு அம்மா மருதாத்தாள் அடுப்பை விட்டுவிட்டு ஓடி வந்தாள்.

"ஏனுங்க, தீட்டாயிருமுங்களே!"

"நடிப்புக்கு ஏது தீட்டு? படம் முடிஞ்ச மக்யா நாள் அய்யரைக் கூட்டியாந்து மஞ்சத்தண்ணி தெளிச்சு, முள்ளு வெட்டிப் போட்டு அடைச்சர்லாம். நீ சும்மா இரு புள்ள."

நடிக்க வேண்டிய பெண் எர்ணாகுளத்திலிருந்து வரவில்லை. காய்ச்சல் என்று தந்தி வந்தது. டைரக்டர் தாடியைப் பிய்த்துக்கொண்டு மேடையைச் சுற்றி வந்தார். அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து கருப்பாத்தாள் என்னைப் பார்த்து, "சின்ன எசமாங்க, சினிமாவுல குடத்தை ஒதைக்கறீங்களாமா? இருக்கற கொடம் ஒண்ணுதானுங்க, பாத்து, பூப்போல ஒதைங்க" என்று கத்தினாள். வரிசையே சிரித்தது. டைரக்டர் நின்றுவிட்டார்.

"ஆரா அது? அவளை விளி."

இப்படித்தான் கருப்பாத்தாள் கதாநாயகி ஆனாள்.

மறுநாள் படப்பிடிப்பு. காமிரா, வெள்ளித் தகடு ஒட்டிய பலகைகள், ஜெனரேட்டர், ஊர் மொத்தமும். நான் எண்ணெய் வழியும் மீசையோடு மேடை ஓரத்தில் காலைத் தயாராக வைத்துக்கொண்டு நின்றேன். கருப்பாத்தாள் படியேற வேண்டும், வாளியை விட வேண்டும், இறைத்துக் குடத்தை நிரப்ப வேண்டும், இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்க வேண்டும். சின்ன வேலை.

ஏறினாள். அந்த மேடையில் அவள் பாதம் பட்ட நிமிசம் ஊரே மூச்சை அடக்கியது, நான்கூட அடக்கினேன். பிறந்ததிலிருந்து அதில்தான் ஏறி இறங்குகிறவள் மாதிரி வாளியை விட்டாள், இழுத்தாள், குடத்தை நிரப்பினாள். டைரக்டர் கண்ணில் தண்ணீர். குடம் இடுப்பில் ஏறியது. அப்போது நேராகக் காமிராவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்து, "நல்லா இருந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

"கட்!"

அடுத்த தரம் தும்மினாள். அதற்கடுத்த தரம், பாதிப் படியில் நின்று, "அடியே ராமுத்தாயீ, கோழியை மூடினியா?" என்று கூவினாள். இன்னொரு தரம் டைரக்டருக்குக் கும்பிடு போட்டாள். ஒரு தரம் எல்லாம் சரியாக முடிந்து அவர் வாய் திறப்பதற்குள், மறுபடியும் மேலே ஏறிப்போய், "சேலை முந்தி சரியில்லீங்க, எனக்கே புடிக்கலீங்க, இன்னொருக்கா எடுத்தர்லாமுங்க" என்றாள்.

டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். "இந்தம்மாவுக்கு நடிப்பே வராது" என்று குருசாமி முணுமுணுத்தான்.

நான் ஏதோ வாசனை பிடித்துக் காமிராவுக்குப் பின்னால் போய்ப் பார்த்தேன். அங்கேதான் அன்றைய நிஜப் படம் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு தரம் கட் சொன்னதும் நிறைந்த குடம் பின்னால் போகிறது. ராமுத்தாய் வாங்கி அடுத்தவளிடம் கொடுக்கிறாள். காலிக் குடம் முன்னால் வருகிறது. வரப்பு நீளத்துக்குப் பெண்கள். குடம், தவலை, மண்ணெண்ணெய் டின், ஈயப் போகிணி, கல்யாணச் சீராக வந்து உத்தரத்தில் தொங்கிக் கிடந்த அண்டா, எல்லாம் வரிசையில் வந்துவிட்டன. ஒரு கிழவன் செருப்பைக் கழற்றிவிட்டுச் சொம்போடு நிற்கிறான். சத்தமே இல்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு தோள்கள் மட்டும் குலுங்குகின்றன.

நான் திரும்பி மேடையைப் பார்த்தேன். கருப்பாத்தாள் என்னைப் பார்த்துவிட்டாள். கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"சின்ன எசமாங்க, போயி உங்க எடத்துல நில்லுங்க. ஒதைக்கோணுமில்லீங்க?"

போய் நின்றேன். சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த அண்டாவைப் பார்த்த பிறகு எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்துவிட்டது, சிரிக்கிற வாயோடு ஒருத்தனும் கோள் சொல்ல முடியாது.

பொழுது மேற்கே சாய்ந்தபோது காலனியில் நிரப்புவதற்கு ஒரு கொட்டாங்கச்சிகூட மிச்சமில்லை. அப்போது நடித்தாள் பாருங்கள்! ஒரு தப்பில்லை. குடத்தோடு இறங்கி வரும்போது அந்த நடையைப் பார்த்து ஜெனரேட்டர்காரன்கூட எழுந்து நின்றான். "ஓகே!" என்று டைரக்டர் குதித்தார். கொண்டுவந்த ஃபிலிமும் அதோடு முடிந்தது.

"அப்ப என்ற ஒதை?" என்றேன்.

"உதையெல்லாம் பழைய ஸ்டைல்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனார் டைரக்டர். மீசை எண்ணெய் என் வாய்க்குள் வழிந்தது.

இனிமேல்தான் விசயமே. கவுண்டரின் முகம் இன்னும் எடுக்கவில்லை. கருப்பாத்தாள் குடத்தோடு இறங்கி வருவாள், கவுண்டர் எதிரே வந்து நிற்பார், ஒரு நிமிசம் பார்ப்பார், விலகி வழிவிடுவார். அந்தத் திரை முழுக்க முகம் அப்போதுதான். அது பாக்கி. ஃபிலிம் வாங்கிக்கொண்டு வருகிறோம் என்று மூட்டை கட்டினார்கள். குருசாமி சாக்குக்கட்டியை எடுத்து மேடையில் குடம் இருந்த இடம், வாளி இருந்த இடம், கருப்பாத்தாளின் பாதம் இருந்த இடம் என்று கோடு போட்டான். பிறகு கவுண்டரிடம் வந்தான்.

"சார், நாங்க வர்ற வரைக்கும் எதுவும் மாறக் கூடாது. கயிறு, வாளி, குடம், ஆளு, எல்லாம் இன்னிக்கு எப்படி இருந்ததோ அப்படியே இருக்கணும். இதுக்குப் பேரு கண்டினியூட்டி. அது போச்சுன்னா உங்க ஷாட்டே போச்சு."

கவுண்டர் பயபக்தியோடு தலையாட்டினார். பின்னால் நின்ற கருப்பாத்தாள் ஒரு அடி முன்னால் வந்தாள்.

"ஆளுன்னா நானுங்களா சாமி?"

"நீங்கதாம்மா முக்கியம். அந்த நடை, அந்தக் கை, எதுவும் மறந்துடக் கூடாது."

"அப்ப தெனமும் வந்து எறைச்சுப் பழகிக்கோணுமுங்களா?"

குருசாமிக்கு வண்டி ஏறுகிற அவசரம். "ஆமாம்மா, ஆமா. பழகுங்க."

"பின்னால நின்ன பொம்பளைகளும் நிக்கோணுமில்லீங்க?"

"எல்லாரும்மா!"

வண்டி போய்விட்டது. கவுண்டர் காதால் கேட்டார், நான் கேட்டேன், ஊர் கேட்டது.

மறுநாள் விடிந்ததும் கருப்பாத்தாள் குடத்தோடு நேராக மேடையில் ஏறினாள். நான் ஓடிப்போய் மறித்தேன்.

"ஏய், எங்க ஏர்ற?"

"கண்டினியூட்டிங்க" என்றாள். குனிந்து சாக்குக்கட்டிக் கோட்டில் பாதத்தைப் பொருத்தி நின்றுகொண்டாள். பின்னால் படிக்குக் கீழே காலனிப் பெண்கள் அத்தனை பேரும். நான் கவுண்டர் வீட்டுக்கு ஓடினேன். அவர் கண்ணாடியில் தன் முகத்தைத் திரை அளவுக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எறைக்கட்டும்டா. ஷாட்டு போயிருமல்ல?"

அன்றிலிருந்து எனக்குத் தண்ணீர் ஊற்றுகிற வேலை இல்லை. காலனியில் எனக்குக் கண்டினி என்று பட்டப்பேர் வைத்தார்கள், ஏனென்றால் கோடு அழியாமல் பார்த்துக்கொள்ளும்படி கவுண்டர் என்னைத்தான் வைத்தார். நான் பார்த்துக்கொண்டதைவிட அவள்தான் பார்த்துக்கொண்டாள். சாக்குக்கட்டிக் கோடு மங்கினால் வெற்றிலைச் சுண்ணாம்பைக் குழைத்து மேலே இழுத்துவிடுவாள்.

கிணற்றோடு அவள் நிற்கவில்லை. கவுண்டருக்குச் சவரம் செய்ய நாவிதர் வந்த அன்றைக்குக் குடத்தோடு வாசலுக்கே போய் நின்றாள்.

"எசமாங்க! என்ன காரியமுங்க பண்றீங்க? படக்காரங்க பாத்துட்டுப் போனது இந்தத் தாடி, இந்த முடி. நாளைக்குப் படக்காரங்க வந்தா மொகம் யாருதுன்னு கேப்பாங்க."

கவுண்டர் சோப்பு நுரையோடு எழுந்துவிட்டார். அவ்வளவுதான். முடி தோளைத் தொட்டது, மீசை வாயை மூடியது. அன்றைக்குப் போட்டிருந்த பனியனையே துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டார். பொள்ளாச்சியில் தங்கச்சி மகள் கல்யாணத்துக்கு அந்தக் கோலத்தில் போய் நின்றார். பழனிக்கு என்ன வேண்டுதல் என்று பந்தியில் எல்லாரும் கேட்டார்களாம். மருதாத்தாள் அழுதுவிட்டாள். கருப்பாத்தாள் மட்டும் அவரைத் தினமும் ஏற இறங்கப் பார்த்து, "நல்லா இருக்குதுங்க, அப்படியே இருக்குதுங்க" என்று சான்று கொடுப்பாள். ஊர்க் கவுண்டருடைய தலைமுடி ஒரு காலனிப் பெண்ணின் பொறுப்பில் இருந்தது. நான் பார்த்த சினிமாக்களில் எதிலும் இது வரவில்லை.

மழை வந்தது, போனது. படக்காரர்கள் வரவில்லை. எங்கள் தோட்டத்துக் கிணற்றில் காலனிப் பெண்கள் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். யாருக்கும் அது உறுத்துவதுகூட நின்றுபோயிற்று.

அப்போது சித்தூர்க் கொட்டகையில் போஸ்டர் ஒட்டினான். அதே படம்.

கவுண்டர் முகத்தில் முடிக்கு நடுவே கண் மட்டும் சிவந்தது. "என்ற மொகத்தை எடுக்காமயே படம் வந்துருச்சா? அப்ப முடிஞ்சுபோச்சு. இன்னிக்குப் பார்த்துட்டு வர்றன். நாளைக்கு அய்யரு, மஞ்சத்தண்ணி, முள்ளு. நஞ்சப்பா, முள்ளை வெட்டி வெய்யி."

வெட்டி மேடை ஓரத்தில் குவித்து வைத்தேன். கருப்பாத்தாள் அதைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் முதல்முதலாக அவள் என்னைக் கேலி செய்யவில்லை. குடத்தை நிரப்பிக்கொண்டு சும்மா போனாள். மத்தியானம் காலனியே சித்தூருக்கு நடந்தது, அவள் முன்னால் நடந்தாள்.

கவுண்டரும் நானும் நாற்காலியில். காலனி முழுக்க முன்னால் தரையில். கவுண்டருக்கு அந்தப் பக்கம் வேட்டி கட்டிய ஒரு மலையாளி. படம் ஓடியது. கருப்பாத்தாள் மேடையேறினாள். "அடியாத்தா, என்ற முதுகு!" என்று தரையிலிருந்து சத்தம். கொட்டகையே சிரித்தது. குடத்தோடு அவள் இறங்கி வந்த நடைக்கு விசில் அடித்தார்கள். என் முழங்கையும் வந்தது. "அதா, கண்டினியோட கை!" என்று ஒருத்தி கத்தியதோடு சரி. கவுண்டர் முகம் வரவில்லை. வழிவிடுகிற காட்சியே படத்தில் இல்லை. கவுண்டர் பல்லைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டது.

படம் முடிந்து கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது. மலையாளம். கவுண்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது. கருப்பாத்தாளுக்கு எந்த எழுத்தும் தெரியாது. ஆனால் எழுந்து நின்று கையைத் தலைக்கு மேல் தூக்கியவள் அவள்தான்.

"எசமாங்க பேரு! எங்க பொங்கியண்ண எசமாங்க பேரு! ஊரு தண்ணியில்லாமக் கெடந்தப்ப கெணத்தைத் தொறந்துவுட்ட மவராசன்னு எழுதியிருக்குதுங்க! கை தட்டுங்கடி!"

காலனி தட்டியது. தரை தட்டவும் பெஞ்சு தட்டியது, பெஞ்சு தட்டவும் நாற்காலி தட்டியது. கவுண்டர் பக்கத்து மலையாளியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, அப்படியா போட்டிருக்குது?"

அந்த மனுசன் திரையைப் பார்த்தார். தரையில் நிற்கிற அத்தனை பெண்களையும் பார்த்தார். கருப்பாத்தாள் திரும்பி நேராக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதே, அதே" என்றார்.

பொங்கியண்ணக் கவுண்டர் எழுந்து, தோளில் புரளும் முடியோடு, கொட்டகைக்கு மொத்தமாகக் கும்பிடு போட்டார். வெளியே வந்தால் பீடிக்கடைக்காரன் காசு வாங்க மறுத்தான். டீக்கடைக்காரன் எழுந்து நின்றான். மவராசன், மவராசன் என்று வழியெல்லாம் பேச்சு.

விடிந்ததும், "முள்ளை என்ன பண்றதுங்க?" என்று கேட்டேன்.

"அடுப்புக்குப் போடு. கெணத்தைத் தொறந்துவுட்டவன் முள்ளு போட்டு அடைச்சான்னா நாலு பேரு காறித் துப்பமாட்டானா? நாவிதரைக் கூட்டியா."

அய்யர் வரவில்லை, மஞ்சள் தண்ணீர் வரவில்லை. அந்த எழுத்து என்ன சொல்லியது என்று பிறகு மலையாளம் படித்த என் மச்சினன் பார்த்துவிட்டு வந்து சொன்னான். ஜெனரேட்டர் வாடகைக்குக் கொடுத்த கடைக்கு நன்றி. கருப்பாத்தாளிடம் போய்ச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கடலைக்காட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த ஜெனரேட்டர்காரனும் நல்லவன்தானுங்க சின்ன எசமாங்க. அன்னிக்கு எந்திரிச்சு நின்னானில்ல!"

ராமுத்தாயை மூணாற்றில் தேயிலை எஸ்டேட்டில் வேலை பார்க்கிறவனுக்குக் கட்டிக்கொடுத்தாள். எழுபத்தொன்பதில் மகள் பிள்ளைத்தாய்ச்சி என்று மருமகன் வந்து கூப்பிட, இவளும் புறப்பட்டாள். அங்கே பாறையெல்லாம் தண்ணீர் ஊற்றுகிறதாம், யாரும் இறைக்கவே வேண்டாமாம். "அப்புறம் பொம்பளைங்க எங்க நின்னு பேசறதுங்க?" என்று அதற்கும் சிரித்தாள். போய்க் கொஞ்ச நாளில் குளிரில் நெஞ்சுச் சளி வந்து இறந்துபோனாள். செய்தி வந்தபோது கிணற்றடியில் பெண்கள் கயிற்றை விட்டுவிட்டு நின்றார்கள். நான் என்ஜினை நிறுத்தினேன்.

அவளை நான் கடைசியாகப் பார்த்தது மூணாற்றுக்குப் புறப்பட்ட அன்றைக்குத்தான். துணி மூட்டையோடு மேடையில் ஏறி, ஒரு வாளி இறைத்து, முகம் கழுவினாள். சுண்ணாம்புக் கோட்டைக் காலால் தடவிப் பார்த்தாள். கயிற்றைக் கையில் எடுத்து, பிரி விட்ட இடத்தில் விரலை ஓட்டினாள்.

"சின்ன எசமாங்க, இது இன்னொரு கோடை தாங்காதுங்க. புதுக்கயிறு வாங்கிப் போட்டுருங்க. ஆனா வாங்குனதும் கட்டீராதீங்க. சேத்துல நல்லாப் பொரட்டி, நாலு நாள் வெயில்ல போட்டு, பழசாட்ட ஆக்கி, அப்பறமா யாரும் பாக்காத நேரத்துல மாத்தியுடுங்க. பளபளன்னு புதுக்கயிறு தொங்குனா பெரிய எசமாங்களுக்குப் பழசெல்லாம் ஞாபகம் வந்துருமுங்க. கண்டினியூட்டி போயிரக் கூடாதுங்க, பாத்துக்குங்க."